கர்சர் எழுத்துக்குள்ளயே சிக்கிக்குதா? எடிட்டர் பக்கை ரிப்போர்ட் பண்றதுலேர்ந்து ஃபிக்ஸ் பண்றது வரைக்கும்

தமிழ்ல டைப் பண்ற எல்லாருக்கும் இது ஒரு தடவையாவது நடந்திருக்கும். ரைட் ஆரோ அழுத்துறீங்க, கர்சர் அசையவே மாட்டேங்குது, இன்னொரு தட்டு தட்டினா தான் அடுத்த எழுத்துக்குப் போகுது. இல்லன்னா கொம்புக்கும் எழுத்துக்கும் நடுவுல போய் நின்னுக்குது, அங்க எதையாவது அடிச்சா வார்த்தையே உடைஞ்சு போகுது. கீபோர்டு கோளாறு போலன்னு நாமளும் ரெண்டு தட்டு தட்டிட்டு வேலையப் பாக்கப் போயிடறோம். தயவுசெஞ்சு அப்படி விட்டுடாதீங்க. இது ஒழுங்கா ரிப்போர்ட் பண்ணா சரியாகிற பக் (சாஃப்ட்வேர்ல இருக்கற தப்பு), பல எடிட்டர்ல ஒரே ஒரு ஃபங்ஷன்ல சில வரி மாத்தினா போதும். ஆனா அந்த எடிட்டரப் பராமரிக்கற மெயின்டெய்னருக்குத் தமிழ் படிக்கத் தெரிஞ்சிருக்க வாய்ப்பு கம்மி, அவருக்குப் புரியற மாதிரி சொல்ற பொறுப்பு நம்மகிட்ட தான் இருக்கு.

முதல்ல ஒரு வார்த்தைய எடுத்துக்கலாம், "கொக்கு". நான் எந்தப் புது எடிட்டர் இன்ஸ்டால் பண்ணாலும் முதல்ல அடிச்சுப் பாக்கறது இதத்தான். நம்ம கண்ணுக்கு 3 எழுத்து: கொ, க், கு. கம்ப்யூட்டருக்கு 6 கோட்பாயிண்ட் (எழுத்துக்கும் குறிக்கும் யூனிகோட்ங்கற பொதுத் தரம் கொடுத்திருக்கற தனித்தனி நம்பர்): க, ொ, க, ், க, ு. யூடிஎஃப்-8ங்கற முறைல சேவ் பண்ணா ஒவ்வொரு தமிழ்க் கோட்பாயிண்ட்டும் 3 பைட், ஆக மொத்தம் 18 பைட். 3, 6, 18, மூணு விதமா எண்ணலாம், மூணுமே சரியான எண்ணிக்கை தான். கர்சர் எதை "ஒரு அடி"ன்னு எடுத்துக்குதுங்கறது தான் இங்க விஷயமே. படிக்கிறவரு ஒரு எழுத்தா பாக்கறத யூனிகோட் கிராஃபீம் கிளஸ்டர்னு சொல்லுது, அத எப்படிப் பிரிக்கறதுங்கற விதி யூனிகோட் இணைப்பு 29ல இருக்கு. அதுல எக்ஸ்டெண்டட் (விரிவானது), லெகசி (பழசு)ன்னு ரெண்டு வகை இருக்கு, கர்சருக்கு வேணும்கிறது எக்ஸ்டெண்டட்.

இப்போ டெஸ்ட். ஒரு காலி ஃபைல்ல "கொக்கு"ன்னு மட்டும் போட்டு, வரி ஆரம்பத்துக்குப் போயி, ரைட் ஆரோவ எண்ணி எண்ணி அழுத்துங்க. கடைசிக்குப் போக எத்தனை தட்டு ஆச்சு? 3 ஆச்சுன்னா சரியா இருக்கு. 6 ஆச்சுன்னா எடிட்டர் கோட்பாயிண்ட் கணக்குல நகருது. 5 ஆச்சுன்னா தான் ரொம்ப சுவாரசியம், எடிட்டர் கூட்டெழுத்தப் பத்திக் கொஞ்சம் தெரிஞ்சு வச்சிருக்கு, ஆனா அரைகுறையா. ஏன்னா யூனிகோட்ல புள்ளிக்கும் ீ-க்கும் "இடம் எடுக்காத குறி"ன்னு ஒரு வகை, ி, ு, ொ எல்லாம் "இடம் எடுக்கற குறி"ன்னு வேற வகை. பழைய கோட், லெகசி விதி எல்லாம் முதல் வகைய மட்டும் தான் முன்னாடி இருக்கற எழுத்தோட ஒட்டும், ரெண்டாவது வகைய (ா மாதிரி ஒண்ணு ரெண்டத் தவிர) தனியா விட்டுடும். அதனால தான் சில எடிட்டர்ல "கீ"ல கர்சர் ஒழுங்கா தாண்டுது, "கி"ல மட்டும் சிக்கிக்குது. பாக்கறவங்களுக்குப் பைத்தியம் பிடிக்கும், ஆனா காரணம் தெரிஞ்சவங்களுக்கு இந்த ஒரு தடயமே போதும், பக் எங்க இருக்குன்னு பாதி தெரிஞ்சு போச்சு.

அடுத்தது, கர்சர் நிஜமாவே தப்பான இடத்துல இருக்கா, இல்ல சரியான இடத்துல இருந்துட்டு தப்பா வரையப்படுதான்னு பிரிச்சுப் பாக்கணும். இந்த ஒரு ஸ்டெப்ப விட்டுட்டா பாதி ரிப்போர்ட் தப்பான ஆள்கிட்ட போய் சேரும். வழி ரொம்ப சிம்பிள். கர்சர் சிக்கின இடத்துல நிறுத்தி 1-ன்னு அடிங்க. எழுத்து உடைஞ்சு, கொம்பும் காலும் அந்த 1 மேல போய் மாட்டிக்கிட்டோ இல்ல புள்ளி வட்டத்தோட தனியாவோ நின்னா, கர்சர் நிஜமாவே க-வுக்கும் ொ-வுக்கும் நடுவுல இருந்திருக்கு, அது லாஜிக் பக். அப்படி இல்லாம 1 சரியா ரெண்டு எழுத்துக்கு நடுவுல போய் விழுந்து, கர்சர் மட்டும் அரை எழுத்து தள்ளி நிக்கிற மாதிரி தெரிஞ்சா அது வரையற பக்கத்துப் பிரச்சனை. டெர்மினல்ல (கமாண்ட் அடிக்கற விண்டோ) ஓடுற எடிட்டர்ல இந்த ரெண்டாவது ரகம் ரொம்ப சகஜம். ஒரு எழுத்து எத்தனை காலம் (column, ஸ்க்ரீன்ல ஒரு கட்டம்) அகலம்னு எடிட்டர் ஒரு கணக்கு வச்சிருக்கும், டெர்மினல் இன்னொரு கணக்கு வச்சிருக்கும், "நி"ய ஒருத்தர் 2 காலம்னும் இன்னொருத்தர் 1 காலம்னும் எண்ணினா வரி போகப் போக கர்சர் விலகிக்கிட்டே போகும். அதே எடிட்டருக்கு தனி விண்டோ வெர்ஷன் இருந்தா அதுல திறந்து பாருங்க, அதுல சரியா இருந்தா சந்தேகம் டெர்மினல் பக்கம் போயிடுது.

மூணாவதா ஒரு சாத்தியம் இருக்கு, எடிட்டர் மேல தப்பே இல்ல, டெக்ஸ்ட்லயே வேற ஏதோ இருக்கு. "கௌ"ன்னு நினைச்சு நிறைய பேர் க, ெ, ள-ன்னு மூணையும் தனித்தனியா அடிச்சு வச்சிருப்பாங்க. பாக்க கிட்டத்தட்ட ஒண்ணு தான், ஆனா அது கெ, ள-ன்னு ரெண்டு எழுத்து, கர்சர் நடுவுல நிக்கத்தான் செய்யும், நிக்கணும். வெப் பேஜ்லேர்ந்து காப்பி பண்ண டெக்ஸ்ட்ல அகலமே இல்லாத ஸ்பேஸ் ஒளிஞ்சிருக்கும், அதோட நம்பர் 8203, அது மேல கர்சர் ஒரு அடி எடுத்து வைக்கும், நமக்கு அசையாத மாதிரி தெரியும். அப்புறம் ொ-வே ரெண்டு விதமா எழுதலாம், ஒரே கோட்பாயிண்ட்டா 3018ன்னு இருக்கலாம், இல்ல கொம்பு 3014, கால் 3006ன்னு ரெண்டா இருக்கலாம். யூனிகோட் கணக்குல ரெண்டும் சமம், ஸ்க்ரீன்லயும் ஒண்ணு தான், ஆனா எடிட்டர் ஒண்ணுல ஒழுங்கா நடந்து இன்னொண்ணுல தடுக்கி விழலாம்.

அதனால டெக்ஸ்ட்டுக்குள்ள என்ன இருக்குன்னு நம்பரா பாக்கணும். விம் எடிட்டர்ல எழுத்து மேல நின்னு ஜி, ஏ ரெண்டு கீயையும் அடிச்சா கோட்பாயிண்ட் காட்டும், ஜி, 8 அடிச்சா பைட் காட்டும். ஈமாக்ஸ் எடிட்டர்ல கண்ட்ரோல் யூ, அதுக்கப்புறம் கண்ட்ரோல் எக்ஸ், ஈக்வல். பைத்தான் தெரிஞ்சவங்க ஒவ்வொரு எழுத்துக்கும் ord-ங்கற ஃபங்ஷன் கூப்பிட்டா டெசிமல் நம்பர் வந்துடும், தமிழ்னா 2944லேர்ந்து 3071க்குள்ள இருக்கணும், அதுக்கு வெளிய ஒரு நம்பர் வந்துச்சுன்னா அங்க தான் ஏதோ ஒளிஞ்சிருக்கு.

இன்னும் ரெண்டு விஷயத்தயும் ஒதுக்கிடுங்க. ஒண்ணு எக்ஸ்டென்ஷன், உங்க சொந்த செட்டிங்ஸ். விம்முக்கு க்ளீன் ஆப்ஷன் இருக்கு, ஈமாக்ஸுக்கு மைனஸ் போட்டு பெரிய க்யூ, விஎஸ் கோடுக்கு எக்ஸ்டென்ஷன் எல்லாத்தயும் நிறுத்திட்டுத் திறக்கற ஆப்ஷன். அப்படித் திறந்தும் பக் இருந்தா தான் அது எடிட்டரோட பக். இன்னொண்ணு கீபோர்டு சாஃப்ட்வேர், டைப் பண்ணிக்கிட்டு இருக்கும்போதே கீழ கோடு போட்டு நிக்கிற அரைகுறை எழுத்து இன்னும் எடிட்டர் கைக்கே வந்திருக்காது, அதனால டைப் பண்ணிப் பாக்காம பேஸ்ட் பண்ணிப் பாருங்க.

பேக்ஸ்பேஸ் பத்தி தனியா சொல்லியே ஆகணும். "கொ"ல பேக்ஸ்பேஸ் அடிச்சா ொ மட்டும் போயி க மிச்சம் நிக்குதுன்னு நிறைய பேர் பக்னு நினைக்கறாங்க. அது வேணும்னே அப்படி வச்சிருக்கறது. "கி"க்கு பதிலா "கீ" அடிச்சுட்டா குறிய மட்டும் அழிச்சு திருத்திக்கலாமே, முழு எழுத்தயும் திருப்பி அடிக்க வேண்டியதில்லையே, எனக்கும் அது தான் வசதி. விம்ல இதுக்குன்னே டெல்கம்பைன்னு ஒரு ஆப்ஷன் இருக்கு. ஆரோ முழு எழுத்தத் தாண்டணும், பேக்ஸ்பேஸ் குறிய மட்டும் அழிக்கலாம், ரெண்டும் ஒரே எடிட்டர்ல சேந்து இருக்கறதுல முரண்பாடு எதுவும் இல்ல. நான் முதல் முதல்ல ஒரு எடிட்டருக்கு எழுதின ரிப்போர்ட்ல ரெண்டயும் சேத்து எழுதிட்டேன், வந்தவங்க எல்லாரும் பேக்ஸ்பேஸ் எப்படி இருக்கணும்னே பேசிட்டு இருந்தாங்க, நிஜமான ஆரோ பக் மாசக்கணக்குல அப்படியே கிடந்துச்சு. அப்புறம் ஆரோவ மட்டும் தனி இஷ்யூவா (ரிப்போர்ட்டா) போட்டேன், அது நகர்ந்துச்சு. ஒரு ரிப்போர்ட்டுக்கு ஒரு பக்.

"க்ஷ", "ஸ்ரீ" ரெண்டும் இதே மாதிரி தான். நமக்கு அது ஒரே எழுத்து, ஃபாண்ட்டும் ஒரே வடிவமா வரையுது, ஆனா யூனிகோடோட டீஃபால்ட் விதிப்படி புள்ளிக்கு அப்புறம் பிரிவு உண்டு, க் ஒண்ணு, ஷ ஒண்ணு. 2023ல வந்த யூனிகோட் 15.1ல கூட்டெழுத்துகள உடைக்காம வைக்க ஒரு புது விதி சேத்தாங்க, தேவநாகரி, பெங்காலி, குஜராத்தி, ஒடியா, தெலுங்கு, மலையாளம் அதுல இருக்கு, தமிழ் இல்ல. தமிழுக்கு சேத்திருந்தா "க்கு" கூட ஒரே அடியாகி இருக்கும், அது நமக்கு வேண்டவே வேண்டாம், அதனால என்னப் பொறுத்தவரைக்கும் தமிழ விட்டது சரி தான். க்ஷ-வ ஒரே அடியா தாண்டணும்னா அத பக்னு போடாதீங்க, புது வசதி கேக்கற மாதிரி தனியா கேளுங்க.

இப்போ ரிப்போர்ட். முதல்ல ஏற்கனவே யாராவது போட்டிருக்காங்களான்னு தேடுங்க, தமிழ்னு தேடினா கிடைக்காது, கிராஃபீம், கம்பைனிங், இண்டிக், கேரட் (caret, கர்சருக்கு இன்னொரு பேரு)னு தேடுங்க, பல நேரம் ஹிந்தியோ தாய்லாந்து மொழியோ எமோஜியோ வச்சு அதே பக்கை யாரோ போட்டிருப்பாங்க, அங்கயே உங்க கணக்கச் சேத்து எழுதினா அந்த இஷ்யூவுக்குப் பலம் கூடும். இல்லன்னா புதுசா போடுங்க. "தமிழ்ல கர்சர் சரியா வேலை செய்யல"ன்னு தலைப்பு வச்சா யாரும் திறந்து பாக்க மாட்டாங்க. நான் எழுதறது ஏறக்குறைய இப்படி இருக்கும், ரிப்போர்ட் போடற மொழி எதுவா இருந்தாலும் உள்ள இருக்கற சரக்கு இது தான்:

தலைப்பு: ரைட் ஆரோ கிராஃபீம் கிளஸ்டருக்கு நடுவுல நிக்குது (தமிழ், இடம் எடுக்கற உயிர்க்குறி)
செய்முறை: கூட இணைச்சிருக்கற ஃபைலைத் திறக்கவும். அதுல ஒரே ஒரு வார்த்தை, கோட்பாயிண்ட் வரிசை 2965, 3018, 2965, 3021, 2965, 3009. வரி ஆரம்பத்துலேர்ந்து ரைட் ஆரோ அழுத்தவும்.
எதிர்பார்த்தது: 3 தட்டுல வரி கடைசி. நிக்க வேண்டிய இடங்கள் (கோட்பாயிண்ட் கணக்குல) 2, 4, 6.
நடந்தது: 5 தட்டு. நிக்கிற இடங்கள் 1, 2, 4, 5, 6.
கூடுதல் தகவல்: 1-ல நிக்கும்போது ஒரு இலக்கத்த அடிச்சா எழுத்து உடையுது, அதனால இது வரையற பிரச்சனை இல்ல. எக்ஸ்டென்ஷன் எதுவும் ஓடல. பேஸ்ட் பண்ண டெக்ஸ்ட்லயும் இதே தான்.

இதோட எடிட்டர் வெர்ஷன், ஆபரேட்டிங் சிஸ்டம், ஃபாண்ட் பேரு, டெர்மினலா தனி விண்டோவா, அவ்வளவு போதும். தமிழே தெரியாத ஒருத்தர் இந்த நம்பர வச்சே பக்கைத் தன் மெஷின்ல வரவழைச்சுடலாம், அதுக்குத்தான் இவ்வளவு பாடும். ஸ்க்ரீன்ஷாட் மட்டும் போடாதீங்க, படத்துலேர்ந்து கோட்பாயிண்ட் எடுக்க முடியாது. ஃபைலாவே இணைங்க, ஏன்னா பேஸ்ட் பண்ற இடத்துல அந்த 3014, 3006 ஜோடி 3018 ஆ மாறிப் போக வாய்ப்பு இருக்கு, அப்புறம் அவரு மெஷின்ல பக் வராது.

முன்னாடி வெர்ஷன்ல சரியா இருந்து இப்போ கெட்டுப் போச்சுன்னா, கிட் பைசெக்ட் (கோட் வரலாற்றைப் பாதி பாதியா பிரிச்சுத் தேடற கருவி) ஓட்டி எந்த கமிட்ல, அதாவது எந்த மாற்றத்துல, கெட்டுச்சுன்னு கண்டுபிடிச்சுச் சொல்லுங்க. ஒவ்வொரு தடவையும் பாதியாக் குறையும், 1000 கமிட் இருந்தாலும் 10 தடவ பில்ட் பண்ணா ஆச்சு.

கோட் தெரிஞ்சவங்க நீங்களே ஃபிக்ஸ் பண்ணலாம், பயப்பட வேண்டாம். ரைட் ஆரோ கீ எந்த கமாண்டோட கட்டியிருக்குன்னு கீ மேப்ல தேடுங்க, அந்த கமாண்ட் கூப்பிடற ஃபங்ஷன் உள்ள போங்க, பெரும்பாலும் கடைசில இப்படி ஒரு வரி மாட்டும்:

இடம் = இடம் + 1

அத இப்படி மாத்தணும்:

இடம் = அடுத்த_எல்லை(வரி, இடம்)

கேக்க சின்னதா இருக்கும், ஆனா எங்க மாத்தறோம்ங்கறது தான் முக்கியம். ஆரோ கீ ஹேண்ட்லர்லயே ஒரு இஃப் போட்டு, தமிழ்க் குறி வந்தா இன்னொண்ணு தாண்டுன்னு எழுதிடலாம்னு தோணும், எனக்கும் தோணியிருக்கு, செய்யாதீங்க. ஷிஃப்ட் அழுத்தி செலக்ட் பண்றது, டிலீட் கீ, மவுஸ் க்ளிக் பண்ணா எங்க போய் நிக்கணும், மேல கீழ போகும்போது எங்க இறங்கணும், எல்லாத்துக்கும் அதே எல்லை வேணும், ஒரு இடத்துல மட்டும் ஒட்டுப் போட்டா மவுஸ்ல க்ளிக் பண்ணி உள்ள போன கர்சர் வெளிய வரத் தெரியாம நிக்கும். அடுத்த எல்லை, முந்தின எல்லைன்னு ரெண்டே ரெண்டு ஃபங்ஷன் எழுதி எல்லாரையும் அதையே கூப்பிட வைங்க.

எல்லை கண்டுபிடிக்கற விதிய நீங்களே எழுத வேண்டியதில்ல, எழுதவும் கூடாது, யூனிகோட் புது வெர்ஷன் வர்றப்பல்லாம் அட்டவணை மாறும். ஐசியூங்கற (ICU) யூனிகோட் லைப்ரரில பிரேக் இட்டரேட்டர் இருக்கு, ஸ்விஃப்ட்ல கேரக்டர்ங்கறதே எக்ஸ்டெண்டட் கிராஃபீம் கிளஸ்டர் தான், ரஸ்ட்டுக்கு யூனிகோட் செக்மென்டேஷன்னு கிரேட் (crate, ரஸ்ட்ல லைப்ரரிக்குப் பேரு) இருக்கு, ஜாவாஸ்க்ரிப்ட்ல Intl.Segmenter இருக்கு, ஃபயர்ஃபாக்ஸ்ல அது 2024ல வந்த 125ஆவது வெர்ஷன்ல தான் சேந்துச்சு, அதனால பழைய பிரவுசருக்கு மாற்று வழி வேணுமான்னு பாத்துக்கோங்க.

இங்க ஒரு பள்ளம் இருக்கு. லைப்ரரி திருப்பித் தர்ற நம்பர் என்ன யூனிட்? ரஸ்ட்ல பைட் கணக்கு வரும், ஜாவாஸ்க்ரிப்ட்லயும் ஐசியூலயும் யூடிஎஃப்-16 கணக்கு, பைத்தான் ஸ்ட்ரிங்னா கோட்பாயிண்ட். உங்க எடிட்டர் உள்ள வச்சிருக்கறது எதுன்னு பாத்து மாத்திக் கொடுக்கணும். தமிழ மட்டும் வச்சு டெஸ்ட் பண்ணா இதுல ஏமாந்துடுவோம், ஏன்னா தமிழ்ல யூடிஎஃப்-16 கணக்கும் கோட்பாயிண்ட் கணக்கும் ஒண்ணா தான் வரும், தப்பு வெளிய தெரியாது. அதே வரில ஒரு எமோஜி போட்டாப் போதும், சிரிக்கற மூஞ்சி 1 கோட்பாயிண்ட், யூடிஎஃப்-16ல 2, யூடிஎஃப்-8ல 4 பைட், உடனே கர்சர் ஒண்ணு தள்ளிப் போய்க் காட்டிக் கொடுத்துடும். லேங்குவேஜ் சர்வரோட (கோடப் படிச்சு எடிட்டருக்குக் குறிப்பு தர்ற தனி புரோகிராம்) பேசற எடிட்டர்ல இதே சிக்கல் இன்னொரு ரூபத்துல வரும், அந்த புரோட்டோகால்ல இடம் சொல்றது டீஃபால்ட்டா யூடிஎஃப்-16 கணக்கு, 3.17 வெர்ஷன்லேர்ந்து தான் ரெண்டு பக்கமும் பேசி வேற கணக்குக்கு மாத்திக்க வழி வந்துச்சு.

லெஃப்ட் ஆரோ ரைட்ட விடக் கஷ்டம். முன்னாடி இருக்கற ஒரு கோட்பாயிண்ட்ட மட்டும் பாத்து முடிவு பண்ண முடியாது, கொடி எமோஜி எல்லாம் ரெண்டு ரெண்டா ஜோடி சேரும், அதனால ஒத்தப்படையா ரெட்டப்படையான்னு பின்னாடி போய் எண்ணணும். அதுக்குன்னு ஒவ்வொரு தட்டுக்கும் வரி ஆரம்பத்துலேர்ந்து பிரிச்சுக்கிட்டு வந்தா, லட்சக்கணக்கான எழுத்து ஒரே வரில இருக்கற ஃபைல்ல எடிட்டர் திணறும். ஐசியூல முந்தின எல்லையத் தர்ற ஃபங்ஷன் தேவையான அளவு மட்டும் பின்னாடி போய்ப் பாக்கும், அது மாதிரி ஒண்ணு உங்க லைப்ரரில இருக்கான்னு பாருங்க.

மேல கீழ போறதுக்கு எடிட்டர் ஒரு காலத்த (column) ஞாபகம் வச்சுக்கும், நீள வரிலேர்ந்து குட்டி வரில இறங்கி மறுபடி நீள வரிக்கு வந்தா பழைய இடத்துக்கே போகணும். அது இறங்கற இடம் எழுத்துக்கு நடுவுல விழுந்தா பக்கத்து எல்லைக்குத் தள்ளிடுங்க, ஆனா ஞாபகம் வச்ச காலத்த மட்டும் தொடாதீங்க, தொட்டா ஒவ்வொரு வரிக்கும் கர்சர் கொஞ்சம் கொஞ்சமா இடது பக்கம் நகர்ந்து போயிடும்.

இன்னொரு குறுக்கு வழியும் யாராவது சொல்லுவாங்க, ஃபைலைத் திறக்கும்போதே 3014, 3006 ஜோடிய எல்லாம் 3018 ஆ மாத்திட்டா என்னன்னு. கூடவே கூடாது. அது யூசரோட ஃபைல், அவர் தொடாத வரி எல்லாம் கிட் டிஃப்ல (எது மாறுச்சுன்னு காட்டற பட்டியல்) மாறினதா வந்து நிக்கும். கர்சர் பக்குக்கு மருந்து கர்சர்ல தான் போடணும்.

டெஸ்ட்ட ஃபிக்ஸுக்கு முன்னாடி எழுதுங்க, அது ஃபெயில் ஆகறதக் கண்ணால பாத்துட்டு அப்புறம் கோட மாத்துங்க. கொக்கு ரெண்டு வடிவத்துலயும், கி, கீ ரெண்டும், கெள-ங்கற அந்தத் தப்பு எழுத்துக்கூட்டு, ஒரு எமோஜி வரி, காலி வரி, வரி கடைசி. அப்புறம் பொதுவா ஒண்ணு: ரைட்ல போகும்போது நின்ன இடங்களும் லெஃப்ட்ல வரும்போது நின்ன இடங்களும் ஒண்ணா இருக்கணும், எந்த டெக்ஸ்ட்டக் கொடுத்தாலும். கண்டபடி டெக்ஸ்ட் உருவாக்கி இத ஓட்டினா நாம யோசிக்காத கேஸ் எல்லாம் மாட்டும். யூனிகோடே கிராஃபீம் பிரேக் டெஸ்ட்னு ஒரு ஃபைல் வெளியிடுது, எங்க உடையணுமோ அங்க வகுத்தல் குறி, எங்க உடையக் கூடாதோ அங்க பெருக்கல் குறி போட்டு வச்சிருக்கும், அதயும் டெஸ்ட்ல சேத்துடுங்க.

புல் ரிக்வெஸ்ட்ட (உங்க மாற்றத்தச் சேத்துக்கச் சொல்லி அனுப்பற கோரிக்கை) சின்னதா வைங்க, கூடவே கண்ணுல பட்ட மத்த அழுக்கெல்லாம் தொடைக்காதீங்க, இஷ்யூ நம்பரக் குறிப்பிடுங்க, 5 தட்டு 3 ஆச்சுன்னு விளக்கத்துல எழுதுங்க. பேக்ஸ்பேஸ் மாறலங்கறதயும் சொல்லிடுங்க, ரிவ்யூ பண்றவரு கட்டாயம் அதக் கேப்பாரு. பதில் வர நாளாச்சுன்னா ஒரு வாரம் பத்து நாள் விட்டு மரியாதையா ஒரு தடவ நினைவூட்டலாம், மெயின்டெய்னர்கள்ல நிறைய பேரு சம்பளம் இல்லாம சொந்த நேரத்துல பாக்கறவங்க. மெர்ஜ் ஆனதும் (உங்க மாற்றத்த எடிட்டர்ல சேத்ததும்) அடுத்த நைட்லி பில்ட்ட (தினமும் வர்ற சோதனை வெர்ஷன்) இறக்கி, நீங்க இஷ்யூல இணைச்ச அதே ஃபைலைத் திறந்து, வரி ஆரம்பத்துலேர்ந்து எண்ணிப் பாருங்க, 3 வந்துச்சுன்னா பில்ட் நம்பரோட அதயே இஷ்யூல எழுதிடுங்க, லெஃப்ட்லயும் எண்ணிப் பாத்துட்டு.